பாலைவனத்துக்கு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி

1860 ஆகஸ்ட் 20, திங்கட்கிழமை. மெல்போர்ன் ராயல் பார்க் மைதானத்தில் சுமார் 15,000 பேர் வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஆஸ்திரேலியாவைத் தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரைவரை கடக்கப்போகும் 19 வீரர்களை வழியனுப்ப வேண்டும். வீரர்களோடு 26 ஒட்டகம், 23 குதிரை, 6 வண்டி. சாமான் மட்டும் 20 டன்.

அந்தச் சாமானைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு வருஷத்துக்குச் சாப்பாடு. சரி, வேண்டியதுதான். ஓக் மரத்தில் செய்து மேலே சீடர் பலகை பதித்த மேஜை ஒன்று, அதற்கு நாற்காலி இரண்டு. 19 பேருக்கு இரண்டு நாற்காலி. பின்னால் நடந்த சண்டைகளுக்கான விளக்கத்தில் பாதி அதிலேயே கிடைத்துவிடுகிறது. பிறகு கொடிகள், வாண ராக்கெட்டுகள், சீனத்துச் சேகண்டி ஒன்று. ஆள் நடமாட்டமே இல்லாத பொட்டல் என்று சொல்லிக்கொண்டே யாரை எழுப்பச் சேகண்டி வாங்குகிறோம் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கண்டத்தின் நடுவில் கடலே இருந்தால் என்ன செய்வது என்று, வண்டிகளில் ஒன்றைப் படகாக மாற்றும்படி செய்திருந்தார்கள். ஒட்டகங்களுக்குத் தனியாக மிதியடி. ஆறு குறுக்கிட்டால் ஒட்டகத்தின்மேல் கட்டி மிதக்கவிடக் காற்றுப்பைகள். அதே ஒட்டகங்களுக்கு ஸ்கர்வி நோய் வராமலிருக்க 60 காலன் ரம். நம் கணக்கில் 270 லிட்டருக்கு மேல். இந்த ரம் பிறகு ஒரு சீனில் வரும்.

மகளுக்குச் சீர் அனுப்பும் புதுப்பணக்காரத் தகப்பன், சம்பந்தி வீட்டு வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்கவே மாட்டான். மெல்போர்ன் அன்று அந்த நிலையில் இருந்தது. 1851இல் தங்கம் கிடைத்தது. பத்தே வருஷத்தில் சுமார் 29,000 பேர் இருந்த ஊர் 1,40,000 பேரை நெருங்கிவிட்டது. பணம் வந்துவிட்டது. பேர்தான் வரவில்லை. பக்கத்துக் காலனியான தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஒல்லியான ஸ்காட்லாந்துக்காரர் இரண்டு ஆட்களையும் 13 குதிரைகளையும் கூட்டிக்கொண்டு, அந்த வருஷம் மார்ச்சிலேயே ஓசையில்லாமல் வடக்கே கிளம்பிப் போயிருந்தார். அவர் முந்திக்கொள்வதா? இங்கிலாந்திலிருந்து வரப்போகும் தந்திக் கம்பி அடிலெய்டுக்குப் போவதா? மானப் பிரச்சினை.

விக்டோரியாவின் ராயல் சொசைட்டி ஒரு கமிட்டி போட்டது. கமிட்டியில் காடுமேடு சுற்றிய அனுபவம் உள்ளவர்கள் இரண்டே பேர்: தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர், வில்லியம் பிளாண்டோவ்ஸ்கி. இவர்கள் எதைச் சொன்னாலும் வாக்கெடுப்பில் தோற்றார்கள். தலைமை தாங்கச் சொல்லி, வடக்கில் உண்மையாகவே பயணம் போய்த் திரும்பிய அகஸ்டஸ் கிரகரியைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். விவரம் தெரிந்த மனிதர்.

கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராபர்ட் ஓ'ஹாரா பர்க். அயர்லாந்துக்காரர், ஒருகாலத்தில் ஆஸ்திரியக் குதிரைப்படையில் இருந்தவர், அப்போது காசில்மெய்ன் ஊரில் போலீஸ் சூப்பரின்டெண்டெண்ட். பெரிய தாடி, அதைவிடப் பெரிய கோபம். தைரியத்துக்குக் குறைவில்லை. புதர்க்காட்டில் பிழைக்கும் வித்தைதான் சுத்தமாகத் தெரியாது. மதுக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் குறுக்குவழியிலேயே தொலைந்துபோவார் என்று அவரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு. போதாக்குறைக்கு, ஜூலியா மேத்யூஸ் என்ற இளம் நாடக நடிகைமேல் காதல். கண்டத்தைக் கடந்துவிட்டு வந்தால் அந்தப் பெண் மனசு மாறும் என்று நம்பினாரோ என்னவோ. காதலில் தோற்றவன் தாடி வளர்ப்பான். ஏற்கெனவே தாடி வைத்திருப்பவன் வேறு எதையாவது செய்துதான் ஆகவேண்டும்.

துணைத் தலைவர் ஜார்ஜ் லேண்டெல்ஸ். கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்களையும் அவற்றை மேய்க்கிற ஆட்களையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவர். ஒட்டக நிபுணர் என்ற பேரில் 600 பவுண்டு சம்பளம் கேட்டு வாங்கினார். தலைவர் பர்க்குக்கு 500. எந்த ஆபீசிலாவது ஒரு வாரம் வேலை பார்த்தவர்களுக்குக்கூட இது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்கும்.

இன்னொருவர் வில்லியம் ஜான் வில்ஸ். 26 வயசு, நில அளவையாளர், வானத்தைப் பார்த்து இருக்கும் இடத்தைக் கணக்கிடத் தெரிந்தவர். நட்சத்திரம், காற்றழுத்தம், வெப்பம் எல்லாவற்றையும் நாள் தவறாமல் குறித்துவைக்கும் நல்ல பிள்ளை. இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் இவர்தான். ஒரே குறை, பர்க் சொன்னால் கேட்டுவிடுவார்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்புவதாக இருந்த ஊர்வலம் சாயங்காலம்தான் நகர்ந்தது. முதல் வண்டி மைதானத்தின் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே உடைந்தது. நடுராத்திரி வாக்கில் எசண்டன் போய்ச் சேர்ந்தார்கள். எசண்டன் இன்று மெல்போர்ன் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே இன்னும் இரண்டு வண்டிகள் உடைந்தன. கண்டத்தைக் கடக்க இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பாக்கி.

ஒட்டகக்காரர்களில் சாம்லா என்று ஓர் இந்து இருந்தார். 20 டன் சாமான் இருந்தும், இறைச்சி தொடாத அவருக்குக் கிடைத்தது ரொட்டியும் தண்ணீரும்தான். சில நாள் பார்த்தார், கணக்கைத் தீர்க்கச் சொல்லி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். மொத்தப் பயணத்திலும் சரியான நேரத்தில் சரியான முடிவை எடுத்தவர் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும்.

மழை, சேறு, பள்ளம். வண்டி புதையும், இறக்குவார்கள், தூக்குவார்கள், ஏற்றுவார்கள், மறுபடி புதையும். இத்தனைக்கும் சாமான்களைக் கப்பலில் அடிலெய்டு கொண்டுபோய், அங்கிருந்து மர்ரே, டார்லிங் ஆறுகள் வழியாக மேலே சேர்த்துவிடுகிறேன் என்று நீராவிப் படகுக்காரரான கேப்டன் கேடல் முன்வந்திருந்தார். பர்க் வேண்டாம் என்றார். தான் தலைவராவதை கேடல் எதிர்த்தவராம். ரோஷத்துக்கு எடை கிடையாது. ஆனால் அந்த ரோஷத்தால் 20 டன்னைத் தரைவழியே இழுக்க வேண்டியதாயிற்று.

ஒரு மாசம் கழித்துத்தான் சுமை அதிகம் என்று உறைத்தது. பால்ரனால்ட் என்ற ஊரில் எடையைக் குறைக்க உட்கார்ந்தார்கள். கழித்துக் கட்டியது எதை? சர்க்கரை, கொஞ்சம் துப்பாக்கி, குண்டு, அப்புறம் எலுமிச்சைச் சாறு. ஸ்கர்வி வந்து ஈறு அழுகிச் சாகாமலிருக்கக் கப்பல்காரர்கள் பல வருஷமாகக் குடித்துவந்த அதே எலுமிச்சைச் சாறு. ஒட்டகத்தின் ஸ்கர்விக்கு ரம் பத்திரமாக இருந்தது, மனிதனின் ஸ்கர்விக்கான மருந்தைத்தான் வழியில் விட்டார்கள். இன்று மலையேறப் போகிற பிள்ளைகள் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து கிராம் கணக்கில் எடை குறைக்கிறார்கள். அதைக் கிண்டல் செய்கிறவர்கள் பால்ரனால்டை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் சில நாளில் அடுத்த உத்தரவு: ஆளுக்கு 30 பவுண்டு, அதாவது 14 கிலோவுக்குமேல் சொந்தச் சாமான் கூடாது, எல்லோரும் நடக்க வேண்டும், ஒட்டகங்கள் சுமை தூக்கும். லுட்விக் பெக்கர் என்ற ஜெர்மன்காரர் படம் வரையவும் பல்லி, பூச்சி, மீன்களைப் பதிவு செய்யவும் வந்திருந்தார். வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவரையும் ஒட்டகத்தை இழுத்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கவிட்டார் பர்க். சாயங்காலம் மூட்டை இறக்கியபிறகு, மற்றவர்கள் சாய்ந்துகொள்ள, பெக்கர் வண்ணத்தைக் குழைத்து உட்கார்ந்துவிடுவார். ஒட்டக வரிசையின்மேல் விழும் வெயிலையும் தன் விரலளவு பல்லிகளின் செதிலையும் அவர் வரைந்த தாள்கள் மெல்போர்ன் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அறிவியல் பயணம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பிய கூட்டத்தில் அறிவியலைத் தொல்லை என்று நினைத்தவர் தலைவர்தான்.

ரம் வெடித்தது டார்லிங் ஆற்றங்கரையில். ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்த கூலிக்காரர்கள் ஒட்டகங்களின் மருந்தை எடுத்துக் குடித்துவிட்டார்கள். இனி ரம் கூடாது, இங்கேயே விட்டுவிடு என்றார் பர்க். என் ஒட்டகத்துக்கு என்ன ஆகும் என்றார் லேண்டெல்ஸ். பேச்சு முற்றி லேண்டெல்ஸ் ராஜினாமா. பின்னாலேயே டாக்டர் ஹெர்மன் பெக்லரும் ராஜினாமா. இடையில் 13 பேரை வேலையைவிட்டு நீக்கி 8 பேரைப் புதிதாகச் சேர்த்திருந்தார் பர்க். மெனிண்டி போய்ச் சேர்ந்தபோது சுமார் 750 கிலோமீட்டர் வந்திருந்தார்கள், இரண்டு மாசத்தில். தபால் வண்டி அதே தூரத்தை ஒரு வாரத்துக்குச் சற்று மேலே எடுத்து ஓடிக்கொண்டிருந்தது. தபால் வண்டி போகிற ஊருக்கு ஆய்வுப் பயணம்!

பொறுமை போய்விட்டது பர்க்குக்கு. ஸ்டூவர்ட் முந்திவிடுவார் என்ற பயம் வேறு. சாமானிலும் ஆட்களிலும் பாதியை மெனிண்டியில் போட்டுவிட்டு முன்னே ஓடினார். வழிகாட்ட வில்லியம் ரைட் என்ற உள்ளூர்க்காரரைச் சேர்த்து, பாதி வழியில் அவரையே மூன்றாவது தலைவராக்கி, திரும்பிப் போய் மிச்சச் சாமானைக் கொண்டு வா என்றார். வாய்வார்த்தையாக. ரைட், கமிட்டியிலிருந்து நியமனம் உறுதியாகட்டும் என்று மெனிண்டியில் ஜனவரி கடைசிவரை உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு மூட்டையில் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று.

நவம்பரில் கூப்பர் க்ரீக். வெள்ளைக்காரர்கள் அதுவரை வரைந்த வரைபடம் ஏறக்குறைய முடிகிற இடம். முதலில் போட்ட முகாமை எலிகள் படையெடுத்து வந்து காலி செய்யவைத்தன. கொஞ்சம் தள்ளி 65ஆம் முகாம் போட்டார்கள். கோடை தணியும்வரை இருந்துவிட்டு மார்ச்சில் கிளம்பியிருக்கலாம். பர்க் டிசம்பர் 16ஆம் தேதி கிளம்பினார். தெற்கு அரைக்கோளத்தில் டிசம்பர் என்றால் அக்னி நட்சத்திரம். கூட வந்தவர்கள் வில்ஸ், இந்தியாவில் சிப்பாயாக இருந்துவிட்டு ஒட்டகங்களோடு வந்த ஜான் கிங், பழைய மாலுமி சார்லி கிரே. 6 ஒட்டகம், பில்லி என்று ஒரு குதிரை, 12 வாரச் சாப்பாடு. வில்லியம் பிராஹே என்பவரை முகாமில் காவல் வைத்து, மூணு மாசம் காத்திரு என்றார் பர்க். வில்ஸ் தனியாகக் கூப்பிட்டு, நாலு மாசம் பார் என்றார். கணக்குத் தெரிந்தவர்.

மேஜை வரவில்லை, நாற்காலி வரவில்லை. கூடாரமும் வரவில்லை. ஒன்று வீட்டையே தூக்கிக்கொண்டு வருவது, இல்லாவிட்டால் கூரையைக்கூட எடுக்காமல் ஓடுவது. நடுவில் ஓர் அளவு உண்டு என்பது பர்க்குக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இருந்தாலும் அந்த நடையைக் குறைத்துச் சொல்ல முடியாது. சுமை விலங்குகள்மேல், அவர்கள் பெரும்பாலும் காலால் நடந்தே போனார்கள். கல் பாலை, மணல் மேடு, மலை, கடைசியில் பருவமழைச் சேறு. பிப்ரவரி இரண்டாவது வாரம் கார்பென்டேரியா வளைகுடாவுக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. ஒட்டகங்கள் புதைய ஆரம்பிக்க, கிரேயையும் கிங்கையும் நிறுத்திவிட்டு பர்க்கும் வில்ஸும் குதிரையோடு போனார்கள். தண்ணீர் உப்புக் கரித்தது. அலையேற்றம் இறக்கம் தெரிந்தது. ஆனால் முன்னே சதுப்பும் அலையாத்திக் காடும். கடலைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்கள். மொத்தக் காலனியின் மானமும் பணமும் கட்டி அனுப்பிய மனிதர், கடலின் ருசியைப் பார்த்துவிட்டு வந்தார்.

வந்து சேர ஏறக்குறைய இரண்டு மாசம். திரும்பப் போகக் கையில் இருந்தது 27 நாள் சாப்பாடு.

திரும்பும் கதையில் விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு குறைந்தது, ஒட்டகம் குறைந்தது, இரண்டும் ஒரே காரியம்தான். வழியில் ஒரு மலைப்பாம்பைத் தின்று பர்க்குக்கு வயிறு பிய்த்துக்கொண்டது. பில்லியையும் வெட்டினார்கள். இறைச்சி பக்குவமாக இருந்தது, கொழுப்புத்தான் துளியும் இல்லை என்ற ரீதியில் வில்ஸ் குறித்துவைத்தார். அப்போதும் அளவு விடவில்லை மனிதர். கிரே யாருக்கும் தெரியாமல் மாவெடுத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். தனக்குச் சீதபேதி என்றார். அதை நம்பாமல் பர்க் அவரை அடித்தார். ஏப்ரல் 17ஆம் தேதி கிரே செத்துப்போனார்; சீதபேதி பொய்யில்லை. பெலனில்லாத மூன்று பேர் அவரைப் புதைக்க ஒரு நாளைச் செலவழித்தார்கள்.

ஏப்ரல் 21 சாயங்காலம் 65ஆம் முகாமுக்குள் நுழைந்தபோது அடுப்புச் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. ஆளில்லை. ஒரு கூலிபா மரத்தில் பட்டையைச் செதுக்கி, தோண்டிப் பார் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. தோண்டினால் மாவு, அரிசி, ஓட்ஸ், சர்க்கரை, உலர்ந்த இறைச்சி, ஒரு புட்டிக்குள் கடிதம். பிராஹே அன்று காலையில்தான் கிளம்பியிருந்தார்.

பிராஹேயைப் பிற்பாடு ஊரே திட்டியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூணு மாசம் என்ற உத்தரவுக்கு 18 வாரம் இருந்திருக்கிறார். கூட இருந்த ஒருவர் காயம்பட்டுச் சாகக் கிடந்தார்; மற்றவர்களுக்கு ஸ்கர்வி ஆரம்பித்துவிட்டது. மெனிண்டியிலிருந்து வரவேண்டிய ரைட்டின் கூட்டமோ வழியில் புல்லூ ஆற்றங்கரையில் அதே ஸ்கர்வியில் விழுந்து கிடந்தது. அங்கேதான் அந்த வாரங்களில் பெக்கரும் இன்னும் சிலரும் செத்தார்கள். பால்ரனால்டில் எலுமிச்சைச் சாறு.

பிராஹே அன்றிரவு தங்கியிருந்தது 14 மைல் தூரத்தில். 22 கிலோமீட்டர். வாண ராக்கெட்டுகள் பிறந்த பயனை அடைவதற்கு இந்த உலகத்தில் ஒரு ராத்திரி இருந்ததென்றால் அது அன்றுதான். நால்வராகப் போய் மூவராக வந்தவர்கள் கையில் ஒரு மத்தாப்புக்கூட இல்லை.

சரி, இனி? வில்ஸும் கிங்கும் வந்த வழியிலேயே பிராஹேயின் பின்னால் போகலாம் என்றார்கள். பர்க் முடியாது என்றார். பிராஹே தன் கடிதத்தில், கால்நடைகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று எழுதிவைத்திருந்தார். அப்படியானால் பிடிக்க முடியாது. அதைவிடத் தெற்கு ஆஸ்திரேலியாப் பக்கம் சுமார் 240 கிலோமீட்டரில் ஓர் ஆட்டுப் பண்ணை இருக்கிறது, போய்விடலாம் என்றார். அந்தப் பக்கத்து மலைக்கு எட்வர்ட் அயர் 1840இல் வைத்த பெயர் நம்பிக்கையற்ற மலை. பெயர்ப்பலகையே எச்சரித்தும் பர்க் கேட்கவில்லை.

போகுமுன் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் கடிதத்தைப் புட்டியில் போட்டுக் குழியில் வைத்து, பூர்வகுடிகள் கண்டுபிடித்துவிடாதபடி மண்ணைத் தள்ளி, பழையபடியே சமன்செய்து, அடையாளமே தெரியாமல் மூடினார்கள். மரத்தில் ஒரு கீறல்கூடப் புதிதாகப் போடவில்லை. காட்டில் தொலைந்தவன் செய்ய வேண்டிய முதல் வேலை, நான் இங்கே வந்தேன், இந்தப் பக்கம் போகிறேன் என்று கண்ணில் படும்படி எழுதிவைப்பது. சாரணர் பிள்ளைக்குக்கூட முதல் வருஷத்தில் சொல்லித் தருவார்கள்.

மே 8ஆம் தேதி, வழியில் ஒன்றுசேர்ந்திருந்த பிராஹேயும் ரைட்டும் மனசு கேட்காமல் திரும்பி வந்தார்கள். மண் அப்படியே இருக்கிறது, மரம் அப்படியே இருக்கிறது. தோண்டவில்லை. கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். மே கடைசியில் வில்ஸ் தன் குறிப்பேடுகளைப் புதைக்க அங்கே மறுபடி வந்தார். மண் அப்படியே இருக்கிறது, மரம் அப்படியே இருக்கிறது. யாரும் வரவில்லை என்று முடிவு கட்டித் திரும்பினார். அந்தந்தத் தரப்பின் கெட்டிக்காரத்தனம் மற்ற தரப்பைக் கொன்றது.

மிச்சமிருந்த இரண்டு ஒட்டகங்களில் லாண்டா சேற்றில் புதைந்தது, ராஜா நடக்கமுடியாமல் படுத்தது. ஒட்டகம் போனதும் தண்ணீரைச் சுமக்க வழியில்லை. கூப்பர் க்ரீக்கைவிட்டு நகர முடியவில்லை. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த மூவரும் பட்டினி கிடந்த அந்த ஆற்றங்கரையில் யாண்ட்ருவாண்டா மக்கள் குடும்பம் குட்டியோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வலை, அரைகல், மரத்தில் குடைந்த தாம்பாளம், அவ்வளவுதான் அவர்கள் சாமான். மீனும் அப்பமும் கொண்டுவந்து இவர்களுக்குக் கொடுத்தார்கள். வில்ஸ் போய் உட்கார்ந்து சாப்பிட்டார், அவர்கள் நடத்தையைப் பாராட்டி எழுதினார். பர்க்குக்குக் கௌரவம் இடித்தது. ஒரு தார்ப்பாய்த் துணியை ஒருவர் எடுத்துவிட்டார் என்பதற்காகத் தலைக்குமேல் சுட்டார்கள். இன்னொரு நாள் நீட்டிய மீனை பர்க் தட்டிவிட்டார். அவர்கள் கொஞ்ச காலம் தள்ளிப் போய்விட்டார்கள். விருந்தாளி இப்படி இருந்தால் யார்தான் இலை போடுவார்கள்?

அந்த அப்பம் நார்டூ என்ற செடியின் காயில் செய்வது. அது வேறொன்றுமில்லை, நம் வயல்வரப்பில் நாலு இலையோடு நிற்கும் ஆரைக்கீரையின் ஒன்றுவிட்ட தம்பி. அங்கே காயைத் தின்கிறார்கள். எங்கே விளைகிறது என்று கண்டுபிடிக்கவே மூவருக்கும் நாட்கள் ஆயின. கிடைத்ததும் கிங் பொறுக்கினார், இடித்தார், மூவரும் வயிறு முட்டத் தின்றார்கள். தின்னத்தின்ன மெலிந்தார்கள். நார்டூவில் பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. யாண்ட்ருவாண்டாப் பெண்கள் தண்ணீர் விட்டு அரைத்துப் பக்குவம் செய்ததில் அதன் வீரியம் போய்விடும். இவர்கள் பக்குவத்தை விட்டுவிட்டுப் பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வந்தது பெரிபெரியாக இருக்கும் என்று 1994இல் நேச்சர் இதழில் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து ஒரு நாள் பார்த்திருந்தால் போதும். கேட்பதற்கு ஒட்டகம் தேவைப்பட்டிருக்காது.

நார்டூ தின்று பட்டினி கிடப்பது அப்படியொன்றும் மோசமாக இல்லை, பலவீனந்தான் தாங்கவில்லை என்ற பொருளில் வில்ஸ் கடைசியாக எழுதினார். அவர் வற்புறுத்தியதால், அவரைப் படுக்கவைத்துவிட்டு மற்ற இருவரும் யாண்ட்ருவாண்டாக்களைத் தேடிக் கிளம்பினார்கள். ஜூன் கடைசி வாக்கில் பர்க் செத்தார். கிங் திரும்பிப் போய்ப் பார்த்தபோது வில்ஸும் இல்லை.

தனியாக நின்ற கிங் செய்தது ரொம்ப சாதாரணமான காரியம். அந்த மக்களிடமே போய்ச் சேர்ந்துகொண்டார். காக்கை சுட்டுக் கொடுத்தார். ஒரு பெண்ணின் கைப்புண்ணுக்கு மருந்து போட்டார். அவர்கள் போட்டதைச் சாப்பிட்டார். செப்டம்பர் 15ஆம் தேதி ஆல்ஃபிரட் ஹோவிட்டின் தேடுதல் குழு வந்தபோது கந்தலும் எலும்புமாக, ஆனால் உயிரோடு இருந்தார். ஹோவிட் பிற்பாடு பூர்வகுடிகளின் வாழ்க்கையை எழுதிப் பேர்வாங்கினார் என்பது தனிக் கதை. கிங்கைக் காப்பாற்றிய மக்களுக்கு விக்டோரியா என்ன செய்தது? கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பித்தளைத் தகடு அனுப்பியது. அப்புறம் ஆட்டுப் பண்ணைக்காரர்களும் மாட்டுப் பண்ணைக்காரர்களும் வந்து ஆற்றங்கரையை எடுத்துக்கொண்டார்கள்.

மொத்தம் ஏழு பேர் செத்திருந்தார்கள். பர்க், வில்ஸ் இருவரின் எலும்புகளை மெல்போர்ன் கொண்டுவந்து, வெலிங்டன் பிரபுவுக்குச் செய்ததைப் பார்த்துச் செய்த பெரிய ரதத்தில் ஏற்றி, 1863 ஜனவரி 21ஆம் தேதி அரசு மரியாதையோடு ஊர்வலம் விட்டார்கள். வழியனுப்ப வந்ததைப்போல் பல மடங்குக் கூட்டம். அதே நாள், அதே ஜனவரி 21, அடிலெய்டிலும் ஓர் ஊர்வலம் நடந்தது. ஸ்டூவர்ட் வடக்குக் கடலில் 1862 ஜூலை 24 அன்று உண்மையாகவே கையையும் காலையும் கழுவிவிட்டு, பாதிக் குருடாகி, ஒரு கட்டத்தில் தூளியில் கட்டித் தூக்கிவரப்பட்டு, கூடப் போன ஒருவரையும் பறிகொடுக்காமல் வீடு திரும்பியிருந்தார். 1872இல் தந்திக் கம்பி பெரும்பாலும் அவர் போன தடத்தை ஒட்டித்தான் போனது. ஆனால் உயிரோடு திரும்பி வருகிறவனைப் பார்த்து எந்த ஊர் அழும்? பாட்டும் படமும் பாடப்புத்தகமும் பர்க்குக்கே போயின.

சிலையும் போயிற்று. 1865 ஏப்ரல் 21 அன்று காலின்ஸ் தெருவும் ரஸ்ஸல் தெருவும் சந்திக்கும் இடத்தில் சார்லஸ் சம்மர்ஸ் செய்த வெண்கலச் சிலையைத் திறந்துவைத்தார்கள். பர்க் நிற்கிறார், பக்கத்தில் வில்ஸ் உட்கார்ந்திருக்கிறார், மடியில் குறிப்பேடு. கொஞ்ச காலத்தில் டிராம் வந்தது. வழியை மறிக்கிறது என்று தூக்கி வேறு தெருவில் வைத்தார்கள். பிறகு ஒரு பூங்கா, பிறகு ஒரு சதுக்கம் என்று ஊரைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள் இருவரும். 2017இல் சுரங்க ரயில் பாதை தோண்டப்போகிறோம் என்று அங்கிருந்தும் பெயர்த்தெடுத்தார்கள். தோண்டுகிற வேலை என்பதால் பர்க் தரப்பிலிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை.